லிஸ்பனிற் கேட்ட நம் சொற்கள்

போர்த்துக்கல்லின் தலைநகராம் லிஸ்பன், தேஜோ ஆற்றின் கழிமுகத்திலே குன்றுகள்மீது அமைந்த எழில்நகர். 1755இற் பூகம்பத்தால் இடிந்து, மீண்டும் எழுந்தது. அங்கே பெலெம் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைக் கண்டேன். அவன் கண்ட கடல்வழியே வந்த போர்த்துக்கேயர், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்தனர். 1656இற் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர்.

அந்நினைவோடு கடைத்தெருவில் நடந்தேன். பாண், மேசை, சப்பாத்து, ஜன்னல் எனும் நம் வீட்டுச் சொற்கள், சிறிது உருமாறிச் செவியில் விழுந்தன! அவர்கள் தந்த சொற்களன்றோ இவை! சிங்கள மக்களும் இவற்றையே வழங்குகின்றனர். எங்கள் ஒருகொடவத்தைக் கடைகளிலே இரு சாராரும் ஒரே சொல்லாற் பாண் கேட்கின்றனர்.

கோட்டை கட்டியோர் அகன்றனர், சொற்கள் நிலைத்தன. அந்நியர் சொல்லைப் பகிர்ந்துகொண்ட நாம், ஒருவர் மொழியை மற்றவர் கற்கத் தயங்கலாமா?