அன்பும் அறிவும்



சென்ற ஆண்டுத் தேர்த் திருவிழாவிலே வடம் பிடித்து நின்ற அன்பர் ஒருவர் திடீரெனச் சாய்ந்தார். நாம் செய்தது யாது? சுற்றிக் கூடினோம், சோடா உடைத்தோம், காற்றை மறைத்து நின்றோம். கூட்டத்தை விலக்கி வந்த தாதி ஒருவரே அவர் மார்பை அழுத்தி உயிர் காத்தார். அன்று நம்மிடம் அன்பு இருந்தது, அறிவு இருக்கவில்லை.

2016இல் இந்நாட்டில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அழைத்தால் வரும். ஆயினும் வண்டி வரும்வரையுள்ள நிமிடங்கள் நம்முடையவை. இதயம் நின்று நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதுறத் தொடங்கும்.

முதலுதவிப் பயிற்சி கற்பிப்பது இதுவே: விழுந்தவரைத் தட்டி அழைத்தல், உணர்வும் மூச்சும் இல்லையேல் 1990ஐ அழைப்பித்தல், உடனே நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அழுத்துதல். உணர்வற்றவர் வாயில் நீர் வார்த்தலாகாது.

இதனை ஏட்டில் கற்றல் போதாது. பயிற்சிப் பொம்மையிலே பழகவேண்டும். இரண்டு நிமிடத்திலே கை சோரும். ஆதலால் மாறிமாறிச் செய்யப் பலர் வேண்டும். அடுத்த தேருக்கு முன் நம் சங்கத்தில் பத்துப் பேராவது பயின்றிருப்போமாக!