உண்ணும் நெறியும் மாணவர் மன்றமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விருந்துக்கு முன்னே பேச அழைக்கப்பட்டவன் சுருங்கப் பேசுதல் வேண்டும் என்பதை நான் அறிவேன். ஆயினும் எனக்கு அளிக்கப்பட்ட பொருளே உணவு. ஆதலின் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு விழாப் பந்தியில் நானும் பரிமாறினேன். பந்தி முடிந்து இலைகளை எடுக்கும்போது, பாதிச் சோறும் கடிபடாத வடையும் உள்ளே இருக்க மடிக்கப்பட்ட இலைகள் பலவற்றைக் கண்டேன். அருகே நின்ற ஒரு மாணவி, "மாமா, இந்த இலையெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டாள். "குப்பைத் தொட்டிக்குப் போகும், அம்மா" என்றேன். "தொட்டியிலிருந்து எங்கே போகும்?" என்றாள். இத்தனை ஆண்டுகளாகப் புனேயில் வாழ்ந்தும் அதற்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. வெட்கமாயிருந்தது. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நகரின் கிழக்கே ஹடப்சரில் சாலை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று சாஸ்வட் நோக்கியும் மற்றொன்று சோலாப்பூர் நோக்கியும் செல்கின்றது. இரு வழிகளிலும் உருளி என்னும் பெயருடைய ஊர் ஒவ்வொன்று உண்டு. சாஸ்வட் வழியில் இருப்பது உருளி தேவாச்சி. நாமும் நம் அண்டை அயலாரும் தொட்டியில் இட்டவை பல்லாண்டுக் காலம் அவ்வூரிலும், அதனை அடுத்த புர்சுங்கியிலும் மலையெனக் குவிக்கப்பட்டன. சோறும் காய்கறியும் காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது, அது தீப்பற்றக்கூடியது, உலகின் வெப்பத்தையும் மிகுவிப்பது. அழுகிய நீர் நிலத்துள் இறங்குகிறது. தங்கள் கிணறுகள் கெட்டன என்று அவ்வூரார் பன்முறை முறையிட்டனர். 2017-ஆம் ஆண்டில் குப்பை வண்டிகளை ஊருக்குள் விடாமல் மறித்துப் பல நாள்கள் போராடினர். நாம் வேண்டாமென்று ஒதுக்கிய கவளம், ஒருபோதும் நம் விருந்துக்கு வராத ஒருவருடைய கிணற்றில் போய் விழுந்தது. அம்மாணவியின் வினாவுக்கு இதுவே விடை.

மற்றோர் உருளி, சோலாப்பூர்ச் சாலையில் உள்ள உருளி காஞ்சன். 1946-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகள் அங்கே சில நாள்கள் தங்கி, ஏழை எளியோர்க்கு இயற்கை மருத்துவம் செய்தார். எளிய உணவு, தூய நீர், கதிரவன் ஒளி, உழைப்பு ஆகியவையே அங்கு மருந்துகள். அன்று தோன்றிய ஆசிரமம் இன்றும் இருக்கின்றது. அதனை வளர்த்த மணிபாய் தேசாய் அவர்கள் உழவுக்கும் கால்நடைக்கும் தம் வாழ்நாளை ஈந்தார்கள். எவ்வாறு உண்பது என்று கற்பித்தது ஓர் உருளி. நாம் உண்ணாமல் எறிந்ததைச் சுமந்தது மற்றோர் உருளி. நம் குடும்பங்கள் எந்த வழியில் செல்கின்றன என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இக்கேள்வியை மாணவர்கள் எடுத்து நடத்த வேண்டும் என்று நான் சொல்லும்போது, "சிறுவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். காந்தியடிகள் இலண்டனில் சட்டம் பயின்ற மாணவராக இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1891-ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் மரக்கறி உணவினருக்கென ஒரு சிறு மன்றம் தொடங்கினார். டாக்டர் ஓல்டுபீல்டு தலைவர்; அப்பகுதியில் வாழ்ந்த கவிஞர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர்; காந்தியே செயலாளர். அவர் அப்பகுதியை விட்டு நீங்கவே, சில திங்களில் மன்றம் முடிந்தது. ஆனால் ஒரு மன்றத்தை அமைத்து நடத்தும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. சிறு மன்றம் சில திங்களில் மறையலாம். அதில் பெற்ற பழக்கம் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

நான் இங்கே மரக்கறியா புலாலா என்னும் வழக்கை எழுப்பவில்லை. அது அவரவர் இல்லத்தைச் சார்ந்தது. எதை உண்டாலும் அறிந்து உண்க, அளவோடு உண்க, வீணாக்காது உண்க என்பதே என் வேண்டுகோள்.

இதற்கான பாடம் புனே நகரத்திலேயே இருக்கின்றது. முற்காலத்தில் இந்நகருக்குப் படிக்க வந்த ஏழை மாணவர்கள், திங்களன்று ஒரு வீடு, செவ்வாயன்று ஒரு வீடு என முறைவைத்து உண்டு படித்தனர். மராத்தியர் இதனை 'வார்' என்பர். தஞ்சைப் பகுதியில் நம் முன்னோர் சொன்ன 'வாரச் சாப்பாடு' இதுவே அன்றோ? வேறு சிலர் பை ஏந்தி வீடுதோறும் சிறிது உணவு பெற்றனர். அதற்கு 'மாதுகரி' என்று பெயர். 1909-இல் அநாத வித்தியார்த்தி கிருகம் என்ற பெயரில் தொடங்கிய மாணவர் இல்லத்தின் பிள்ளைகளும் அவ்வாறு உணவு பெற்றே கல்வி கற்றனர்.

மதுகரம் என்றால் வண்டு. பல மலர்களிலும் சிறிது சிறிதாகத் தேன் கொள்ளும், எம்மலரும் வாடுவதில்லை. அப்பெயரை இவ்வழக்கத்துக்கு இட்டவர் பேரறிவாளர். வறுமையை நான் புகழவில்லை; அந்நிலை எம்மாணவனுக்கும் மீண்டும் வரவேண்டாம். ஆனால் ஒவ்வொரு கவளமும் யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று அம்மாணவன் அறிந்திருந்தான். ஆகவே அவன் ஒரு பருக்கையையும் எறியவில்லை. நாமோ விலை கொடுத்து வாங்குவதால், கொடுத்தவரை மறந்தோம், மலரை வாடவிட்டோம்.

மண்ணை வாடவிடாத தானியங்கள் இரு நாட்டாருக்கும் பொதுவாக உண்டு. மராத்தியரின் ஜ்வாரி நம் சோளம்; பாஜ்ரி நம் கம்பு; நாச்ணி நம் கேழ்வரகு. சோலாப்பூர்ப் பகுதியின் கரிசல் மண்ணில், மழை ஓய்ந்தபின் நிலத்தில் தங்கிய ஈரத்தைக் கொண்டே சோளம் விளைகின்றது. நெல்லுக்கு வேண்டும் நீர் அதற்கு வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் பாட்டியர் காய்ச்சிய கம்பங்கூழையும், பக்கத்து வீட்டு ஆஜி தட்டிய பாக்ரியையும் உலகம் இப்போதுதான் கண்டுகொண்டது போலும்!

உலகின் நிலையையும் ஒருவாறு கேளுங்கள். 2022-ஆம் ஆண்டில் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு நூறு கோடி டன்னுக்கு மேற்பட்டது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளில் வீணானது. ஆகவே அரசும் ஆலையும் திருந்தட்டும் என்று நாம் காத்திருத்தல் பொருந்தாது. அடுக்களையில் தொடங்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று நீங்கள் ஓர் உணவு மன்றம் தொடங்குங்கள். அதற்கு நான்கு பணிகளைக் கூறுகிறேன். முதலாவது, பந்தியில் கேட்டுப் பரிமாறுங்கள். முதலில் சிறிது, வேண்டினோர்க்கு மீண்டும். இரண்டாவது, ஒவ்வொருவரும் ஒரு வாரம் தத்தம் வீட்டில் எறியப்படும் உணவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பழி கூறாதீர்கள், எழுதினால் போதும். மூன்றாவது, வாரம் ஒருவேளையேனும் சோளம், கம்பு, கேழ்வரகு வீட்டில் இடம்பெறச் செய்யுங்கள். பாக்ரி தட்டும் கைப்பக்குவத்தை அண்டை வீட்டு மராத்தியத் தாய்மாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நான்காவது, கைபடாது மிஞ்சிய உணவு கெடுமுன்னே பசித்தோர்க்குச் செல்லட்டும். இலையும் கழிவும் தனியே பிரிக்கப்பட்டு உரமாகட்டும்.

தாய்மார்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். விருந்தினர் இலையை நிரப்புவதே அன்பு என்று நாம் பழகிவிட்டோம். "போதும்" என்று ஒருவர் கை மறித்தால் அதனை அவமதிப்பாக எண்ணாதீர்கள். பிள்ளைகள் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பார்த்துக்கொண்டு விழுங்கும் வழக்கத்தையும் மாற்றுங்கள். வயிறு நிறைந்ததை மனம் உணரச் சற்று நேரம் வேண்டும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் மூதாட்டியர் சொன்னது வீண்மொழியன்று.

அன்பர்களே, இன்னும் சிறிது நேரத்தில் பந்தி தொடங்கும். இம்முறையும் நான் பரிமாறுவேன். கேட்டே பரிமாறுவேன். இலைகளை எடுக்கும்போது அம்மாணவி என் அருகில் நிற்பாள் என்று நம்புகிறேன். "மாமா, இந்த இலையெல்லாம் எங்கே போகும்?" என்று அவள் மீண்டும் கேட்டால், "ஒன்றும் மிஞ்சாத வெற்றிலைகள், அம்மா, மண்ணுக்கு உரமாகப் போகும்" என்று விடை சொல்லும் பேற்றினை நீங்கள் எனக்கு அருளவேண்டும்.