இரண்டு 778கள்: தனியார் குறுகிய பாதை ரயில்களின் பிறப்பிடம் தேடி

தொழில் வரலாற்றுக்கென்று மயிலாப்பூரில் ஒரு மாலையை ஒதுக்கித் தந்த அறக்கட்டளையாருக்கு என் நன்றி. ரயில்வே இலாகாவுக்குச் சொந்தமில்லாத சின்ன ரயில்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். தேயிலைத் தோட்டங்களும் சர்க்கரை ஆலைகளும் சமஸ்தானங்களும் தங்கள் வேலைக்காக வாங்கி, இரண்டடி, இரண்டரை அடி அகலப் பாதைகளில் ஓட்டியவை அவை. அப்படி ஓடிய ஓர் இன்ஜின் இன்று நம் கண்ணில் பட்டால், அது எங்கே பிறந்தது, யார் யார் கையில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

778 என்று எண் போட்ட இன்ஜினின் புகைப்படம் ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தியாவில் ஓடி இங்கிலாந்துக்குப் போன நேரோகேஜ் இன்ஜின்' என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. போதுமான தகவல்தானே என்று தோன்றும். ஆனால் இந்த விவரம் இரண்டு இன்ஜின்களுக்கு அப்படியே பொருந்தும். ஒன்று, கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1889இல் செய்தது. டார்ஜிலிங் இமாலய ரயில்வே தனியார் கம்பெனியாக இருந்த காலத்தில் வாங்கப்பட்டு, அங்கே 19 என்ற எண்ணோடு மலையேறியது. அந்தப் பாதையை அரசு 1948இல் வாங்கியது. அதற்குப் பிறகு வந்த எண்தான் 778. 1960களில் எலியட் டானெலி என்ற அமெரிக்கர் அதை வாங்கிக் கப்பலேற்றினார். இந்தியானா மாநிலத்து ஹெஸ்டனில் பல காலம் இருந்த அந்த இன்ஜினை, 2000களின் தொடக்கத்தில் ஏட்ரியன் ஷூட்டர் என்பவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு 778 பிலடெல்பியாவில் பால்ட்வின் கம்பெனி 1917இல் செய்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டும் உணவும் கொண்டுபோகப் பிரிட்டிஷ் ராணுவம் வாங்கிய நூற்றுக்கணக்கான இன்ஜின்களில் அது ஒன்று. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றில் சில இந்தியாவுக்கு வந்தன. இது உத்தரப் பிரதேசத்தில் கதௌலி சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்தது. 1985இல் இங்கிலாந்து போய், 2007இல் லைட்டன் பஸ்ஸர்ட் ரயில்வேயில் மறுபடி நீராவி விட்டது. முதல் எண் ரயில்வே நிர்வாகம் கொடுத்தது, இரண்டாவது எண் ராணுவம் கொடுத்தது. இரண்டுமே தொழிற்சாலை கொடுத்தவை அல்ல. பெயர்ப்பலகையிலும் பக்கவாட்டிலும் எழுதியிருக்கும் எண் அந்தந்தச் சொந்தக்காரர் வைத்தது. சொந்தக்காரர் மாறினால் அதுவும் மாறும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எல்லாரும் முதலில் தேடுவது தொழிற்சாலையின் பித்தளைத் தகடு. என் கணக்கில் அதுதான் கடைசிச் சாட்சி. நாலு போல்ட்டைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். ஒரு வண்டியில் இருந்ததை இன்னொன்றில் மாட்டுவதும் எளிது. நம்பத்தக்கது இரும்பில் குத்திய எண். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில், பிஸ்டனோடு நகரும் பாகங்களில், வால்வு உறுப்புகளில் தொழிற்சாலை வரிசை எண்ணை அச்சால் குத்தியிருப்பார்கள். கிரீஸையும் துருவையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அது தெரியும். பத்துப் பாகத்தில் எட்டில் ஒரே எண் இருந்தால் நிம்மதி. நாலில் ஒன்று, நாலில் வேறு ஒன்று என்றால், பட்டறையில் இரண்டு இன்ஜின்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். தனியார் ஆலைகளில் இது சர்வசாதாரணம். உதிரிபாகத்துக்கு லீட்ஸுக்கோ பெர்லினுக்கோ எழுதிக் காத்திருப்பதைவிட, ஓடாமல் நிற்கும் வண்டியிலிருந்து கழற்றிப் போடுவது சுலபம்.

போல்ட்டின் மரையும் பேசும். பிரிட்டனின் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரை 60 பாகை. கதௌலி இன்ஜினை ஸ்காட்லாந்து இன்ஜினிலிருந்து இது ஒன்றே பிரித்துவிடும். ஆனால் ஜெர்மன் தொழிற்சாலைகளும் நீண்ட காலம் விட்வொர்த் மரையைப் பயன்படுத்தின. அதனால் பிரிட்டனா, ஜெர்மனியா என்ற கேள்விக்கு இது உதவாது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் உருட்டாலை பெயரும் ஆண்டும் புடைத்து நிற்கும். காயலான் கடையில் எடைக்குப் போட்ட ஓரடித் துண்டில்கூட அதைப் படிக்கலாம். பாதையின் அகலத்தை அளக்கும்போது அவசரம் கூடாது. 600 மில்லிமீட்டர் என்றால் பிரான்ஸின் டெகோவில் கம்பெனி வழியில் வந்த பாதை. 610 என்றால் பிரிட்டிஷ் இரண்டடி. தேய்ந்த பாதையில் இந்தப் பத்து மில்லிமீட்டரைப் பல இடங்களில் அளந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

நமக்கு மிக அருகில் இருக்கும் புதிர் மூணாறு. கண்ணன் தேவன் கம்பெனி 1902இல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டது. ஈவிங் முறை என்பார்கள். பாரம் ஏறக்குறைய முழுக்க ஒரே தண்டவாளத்தில் உட்காரும், வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை இரண்டடிப் பாதையாக மாற்றி, நீராவி இன்ஜின்களை ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, வண்டிகளில் போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. 1924 ஜூலை வெள்ளம் பாதையைப் பாலங்களோடு அடித்துப்போயிற்று. யாரும் திரும்பக் கட்டவில்லை. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டின் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் ஒரு சக்கரம் இருக்கிறது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது.

இந்த ரயிலின் பிறப்பிடத்தைத் தேடுகிறவர் ரயில்வே அறிக்கைகளைப் புரட்டினால் நேரம்தான் வீணாகும். தோட்டத்தை நிர்வகித்தது ஜேம்ஸ் ஃபின்லே குழுமம். அவர்களுடைய கம்பெனிப் பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டு எல்லையில் ஓடிய ரயிலைத் தேடி ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரர் நடத்திய எந்தத் தோட்டத்துக்கும் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி: பணம் கட்டிய அலுவலகம் எது?

தேடினால் கிடைக்கும் என்பதற்குப் பாட்டியாலா சாட்சி. அங்கேயும் ஈவிங் முறை ரயில்தான், 1907இல் தொடங்கியது. 1927 வாக்கில் நின்றுபோனது. இன்ஜின்கள் நான்கும் பெர்லினின் ஓரன்ஸ்டைன் - கோப்பல் செய்தவை. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1962இல், மைக்கேல் சேட்டோ என்ற பிரிட்டிஷ்காரர் மராமத்து இலாகாக் கொட்டகையில் அவற்றைக் கண்டெடுத்தார். சேட்டோ இந்தியாவில் ரசாயனக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர், ரயில் அவருக்கு உத்தியோகம் அல்ல. செப்பனிட்ட ஓர் இன்ஜின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறது. கல்கத்தா மாநகராட்சியின் பல்தா நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த, 1921இல் பேகுலி கம்பெனி செய்த குட்டி இன்ஜினையும் அவரே காப்பாற்றினார். தாம் வேலை பார்த்த ரிஷ்ரா ஊரின் பெயர்தான் இன்று அதன் பெயர்.

நம் மயிலாப்பூருக்கே ஒரு பாக்கி இருக்கிறது. 1895 முதல் 1953 ஏப்ரல் வரை இந்த நகரத்தில் ஓடிய மின்சார டிராம் தனியார் கம்பெனியின் சொத்து. அதன் பாதை மீட்டர் கேஜ். உலகக் கணக்கில் அதுவும் குறுகிய பாதைதான். லஸ் பக்கம் டிராம் ஏறியவர்களின் பிள்ளைகள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். பயணச்சீட்டு, ஊழியர் சேவைப் புத்தகம், தெருவோரத்தில் எடுத்த குடும்பப் படம் என்று வீட்டில் எது இருந்தாலும் அது ஆதாரம். படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் வண்டியின் எண்ணும் சக்கரமும் எனக்கு முக்கியம்.

அடையாற்றிலும் தி. நகரிலும் எஸ்டேட், சர்க்கரை ஆலை, சுரங்கம் ஆகியவற்றில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற குடும்பங்கள் நிறைய. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது தாத்தாவின் ஆபீஸ் காகிதங்கள்தான். மெஷினரி பட்டியல், இன்சூரன்ஸ் மதிப்பீடு, பாய்லர் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் ஆகிய மூன்றையும் தயவுசெய்து தனியே எடுத்து வையுங்கள். பாய்லர் சான்றிதழில் செய்த இடமும் ஆண்டும் இருக்கும். படம் எடுத்தால் அளவுகோலை வைத்து எடுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆலை, கொடுத்தவர் யார் என்று பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். பிறகு தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ காட்டிக் கேளுங்கள். இரும்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள், குத்திய எண்களைப் படித்துக்கொள்கிறோம்.