ஆராய்ச்சிச்சாலையும் அங்காடியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆராய்ச்சி நிலையங்கள் புதிய தொழில்முறைகளை எவ்வாறு சந்தைக்குரிய சரக்குகளாக்கித் தருகின்றன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது விஞ்ஞானிகளின் சபையில் பேசற்பாலதன்றோ, வியாபாரமும் விவசாயமும் கைத்தொழிலும் செய்து வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் ஐயுறலாம். நம் குடும்பங்களில் மூலதனம் உண்டு. அது பெரும்பாலும் பொன்னாகவும் மனையாகவும் உறங்கிக் கிடக்கின்றது. நம் பிள்ளைகளிடத்துக் கல்வி உண்டு. அது பெரும்பாலும் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போகின்றது. இவ்விரண்டும் ஒன்றுகூடிப் பலன் தரத்தக்க இடங்களுள் ஆராய்ச்சி நிலையமும் ஒன்று. ஆகவே இது நமக்கு இன்றியமையாத விஷயமே என்பதை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் சொல். ஒரு விஞ்ஞானி தமது சோதனைக் குழாயில் ஒரு பொருளைச் செய்து காட்டிவிட்டால் அது உடனே கடைக்கு வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. கைப்பிடியளவு செய்தபோது சரியாக வந்தது, நாளொன்றுக்கு நூறு மூட்டை செய்யும்போது வருவதில்லை. பெரிய கொப்பரையில் சூடு ஒரே சீராகப் பரவுவதில்லை, மூலப்பொருளின் தரம் மூட்டைக்கு மூட்டை வேறுபடுகின்றது, அடக்கவிலை ஏறுகின்றது, சரக்கு எத்தனை மாதம் கெடாமலிருக்கும் என்ற கேள்வியும் எழுகின்றது. இவற்றையெல்லாம் கண்டறியப் பணமும் காலமும் வேண்டும். விஞ்ஞானியிடம் அத்தனை பணமில்லை. வியாபாரிக்கோ நிச்சயமில்லாத காரியத்தில் கைம்முதலை இறக்க மனம் வருவதில்லை. ஆற்றின் இரு கரைகளிலும் இருவரும் நிற்க, ஓடம் மட்டும் இல்லை. அந்த ஓடமாக அமைவதே ஆராய்ச்சி நிலையத்தின் பணி.

முதலாவது, மக்களின் தேவையை அறிதல். காவிரிப் பாசனப் பகுதியில் 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் பரவியது. விளைச்சல் பெருகிற்று, ஆயினும் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு வந்து மோதிற்று. நனைந்த நெல் களத்திலேயே சூடேறி முளைவிட்டது. அக்காலத்தில், 1967-ஆம் ஆண்டு, திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலையைச் சார்ந்து சிறியதோர் ஆராய்ச்சிச்சாலை தோன்றிற்று. ஈர நெல்லோடு சாதாரண உப்பைக் கலந்து வைத்தால் அது சில நாள் கெடாமல் தாங்கும் என்ற எளிய வழியை அங்குள்ளோர் குடியானவர்களுக்குக் காட்டினர். அந்தச் சாலையே பிற்காலத்தில் தஞ்சாவூருக்குப் பெயர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்திற்குரிய தேசிய நிலையமாக வளர்ந்து நிற்கின்றது. களத்து மேட்டிலிருந்து எழுந்த கேள்வி ஆராய்ச்சிச்சாலைக்குள் புகுந்து விடையாகத் திரும்பிற்று என்பதே இதன் சிறப்பு.

இரண்டாவது, சோதனையில் கண்டதைப் பெருமளவில் செய்து பார்த்தல். எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி; குழந்தையின் வயிற்றில் அது கெட்டியாகத் திரளும்; ஆதலின் அது குழந்தை உணவு செய்வதற்கு ஆகாது என்பது மேனாட்டார் கருத்தாயிருந்தது. நம் நாட்டிலோ அக்காலத்தில் எருமைப்பாலே மிகுதி. குழந்தை உணவுக்காக அந்நிய நாட்டு டப்பாக்களை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 1950-ஆம் ஆண்டு மைசூரில் திறக்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதனை எடுத்துக்கொண்டது. கொழுப்பைக் குறைத்து, திரளும் தன்மையை மென்மையாக்கி, உயிர்ச்சத்துக்களைச் சேர்த்துப் பொடியாக்கும் முறையை அது வகுத்தது. அம்முறையை ஏற்றுச் செய்தவர்கள், குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரில் 1946-ஆம் ஆண்டு முதல் கூடியுழைத்துவந்த கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தார். அமுல் என்ற பெயர் அவர்களுடையது. ஆராய்ச்சிச்சாலை முறையைத் தந்தது; கூட்டுறவுச் சங்கம் பாலையும் ஆலையையும் சந்தையையும் தந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அந்த டப்பா நம் வீட்டு அலமாரிக்கு வந்திராது.

மூன்றாவது, கண்டுபிடிப்பின் உரிமையை முறைப்படி தொழில் செய்வோர் கையில் சேர்த்தல். விஞ்ஞானிக்குப் பேரம் பேசத் தெரியாது. வியாபாரிக்கு விஞ்ஞான ஏடு புரியாது. இதற்கென்றே தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கழகம் 1953-ஆம் ஆண்டு டில்லியில் நிறுவப்பெற்றது. ஒரு தொழில்முறையை யாருக்கு, என்ன நிபந்தனையில், எவ்வளவு கட்டணத்திற்குத் தருவது என்று ஒப்பந்தம் செய்து உரிமம் வழங்குவது அதன் வேலை. வாக்குச்சாவடியில் நம் ஒவ்வொருவர் விரலிலும் வைக்கப்படும் அழியாத மை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு அம்மையைச் செய்தது. தோலில் பட்டு வெளிச்சம் கண்டதும் கறுத்துப்போய், பல நாள் அழியாமல் நிற்பது அதன் இயல்பு. மேற்சொன்ன கழகத்தின் உரிமம் பெற்று அதனைச் செய்து தருவது, 1937-ஆம் ஆண்டில் அரக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கிய மைசூர் வர்ணக் கம்பெனி. 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் இது பயன்பட்டு வருகின்றது. பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றது. ஒரு சிறு குப்பி மைக்குள் ஒரு ஆராய்ச்சிச்சாலையும் ஒரு கழகமும் ஒரு தொழிற்சாலையும் அடங்கியிருப்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கின்றோம்!

நான்காவது, பொறுமை. துர்க்காப்பூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1965-ஆம் ஆண்டில் நம் நாட்டு வயலுக்கேற்ற டிராக்டர் ஒன்றைத் திட்டமிடத் தொடங்கிற்று. அதனைச் செய்வதற்கென்று பஞ்சாபில் 1970-ஆம் ஆண்டு கம்பெனி ஏற்பட்டது. சுவராஜ் என்னும் பெயரோடு டிராக்டர் உற்பத்தியானது 1974-ஆம் ஆண்டில். விதைத்ததற்கும் அறுத்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்! இன்று போட்ட பணம் வரும் தீபாவளிக்குள் இரட்டிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்க்கு இத்துறை உகந்ததன்று. தென்னை வைத்துக் காத்திருக்கும் மனமுடையவர்க்கே இது பலன் தரும்.

ஐந்தாவது, தொழில் இடருற்ற காலத்தும் கைவிடாமை. சென்னை அடையாற்றில் 1948-ஆம் ஆண்டு ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை நம்மவர் பலரும் அறிவர். டாக்டர் நாயுடம்மா அவர்கள் தலைமை வகித்த காலத்தில் அது பதனிடுவோரோடு நெருங்கிப் பழகி வளர்ந்தது. பாலாற்றங்கரையிலும் பிற இடங்களிலும் தோல் சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தமையால் வழக்கு எழுந்தது. 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு அளித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத சாலைகள் மூடப்படவேண்டும் என்றது. ஒருபுறம் குடிநீரை இழந்த குடியானவர்கள். மறுபுறம் கூலியை இழக்கும் தொழிலாளர்கள். இருவர் துயரமும் உண்மையே. அந்நெருக்கடியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைப்பதற்கு அறிவுரை தந்ததும், பின்னர்த் தண்ணீரின்றியே குரோமியப் பதனீடு செய்யும் முறையை வகுத்ததும் அடையாற்று நிலையமே. கெட்ட நிலம் முழுவதும் சீர்ப்பட்டுவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சட்டம் ‘நிறுத்து’ என்ற இடத்தில், ‘வேறு விதமாகச் செய்’ என்று வழிகாட்டத்தக்கது ஆராய்ச்சி ஒன்றே.

இத்தனைக்கும் அடிப்படை பொதுப்பணம். ஆயினும் தனியார் கொடையும் இதில் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழும்பொருட்டு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். 1948-ஆம் ஆண்டு பண்டித நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1953-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளையொட்டி டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள் திறந்து வைத்தார். கோயிலும் சத்திரமும் கட்டுவதைப் போல ஆராய்ச்சிச்சாலை கட்டுவதும் அறமே என்று ஒரு வியாபாரி உணர்ந்த செய்கை அது. அவர் எக்குலத்தவர் என்று பாராமல் அவர் வழியை நாம் பின்பற்றுதல் தகும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஆராய்ச்சிச்சாலைகளில் கண்ட முறைகளுள் எத்தனையோ அங்காடியைக் காணாமல் அலமாரியிலேயே உறங்குகின்றன. யாருக்கு வேண்டும் என்று கேளாமல் ஆராய்வது விஞ்ஞானியின் குற்றம். வெளிநாட்டு இயந்திரத்தை விலைக்கு வாங்கிப் போட்டால் போதும் என்றிருப்பது முதலாளியின் குற்றம். இரண்டாவது குற்றத்தை நீக்குவது நம் கையில் உள்ளது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வன சில. அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, ஊறுகாய், மசாலைப்பொடி முதலிய தொழில் செய்யும் அங்கத்தினர்கள் தஞ்சைக்கோ மைசூருக்கோ ஒருமுறை நேரில் சென்று, தங்கள் சரக்கைப் பரிசோதிக்கச் செய்து, தங்கள் இடர்ப்பாட்டை எடுத்துச் சொல்லட்டும். புதுப்பொருள் செய்யும் ஆசையுள்ள இளைஞர்கள், சென்னை ஐ.ஐ.டி.யை அடுத்து 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஆராய்ச்சிப் பூங்காவைப் போன்ற இடங்களை நாடட்டும். அவ்விளைஞர் முதன்முறை தோற்று வந்தால், ‘அரசாங்க உத்தியோகத்திற்குப் போயிருக்கலாமே’ என்று வீட்டார் இடித்துரையாதிருக்கட்டும். உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கடன் வாங்கி முழுச் சொத்தையும் ஒரே முயற்சியில் கொட்டாதீர்கள். நம் சங்கமும் கல்வி உதவி நிதியில் ஒரு பகுதியை இத்தகைய முயற்சிக்கு ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.

நம் முன்னோர் துறைமுகம் தோறும் சென்று சரக்கை அறிந்தனர். அதனால் வாணிகத்தில் சிறந்தனர். இக்காலத்துச் சரக்கு ஆராய்ச்சிச்சாலையிலே பிறக்கின்றது. அது பிறக்கும் இடத்திற்கே சென்று அறிபவன் வியாபாரியாக நிற்பான். அறியாதவன் பிறர் செய்ததை விற்கும் தரகனாகவே முடிவான். நம் மக்கள் முன்னவராக விளங்கவேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.