மதிலுக்கு வெளியே இருப்பவர்கள்

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில், உயர்தர வகுப்புச் சித்திரப் பாட மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவுக்காக எமது கல்லூரியின் பின்புற மதிலில் ஓவியம் தீட்டுவதென விழாக்குழு முடிவெடுத்து, அந்தப் பணியைச் சித்திரப் பாட மாணவிகளாகிய எங்களிடம் ஒப்படைத்தது. அதற்காக முதலில் நன்றி கூறுகிறோம். தூரிகையை எடுப்பதற்கு முன் வீதி ஓவியம் பற்றிச் சிறிது கற்றுக்கொள்வோம் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். அதையே இத்தவணையின் செயற்றிட்டமாக எடுத்துக்கொண்டோம். அதில் கண்டவற்றையும், அவற்றின் அடிப்படையில் சில வேண்டுகோள்களையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வீதி ஓவியம் என்றவுடன் இரவோடிரவாக வந்து, பெயர் சொல்லாமல் படம் கீறிவிட்டுப் போகும் ஒருவரைத்தான் பலரும் நினைப்பார்கள். அதுவும் வீதி ஓவியமே. ஆனால் அதற்கு இன்னொரு கிளையும் உண்டு. ஒரு வீதியில் வாழும் மக்கள் கூடிப் பேசி, தமது சுவரில் எது இருக்க வேண்டும் என்று தாமே தீர்மானித்துத் தீட்டிய ஓவியங்கள் அவை. எங்கள் தேடல் இந்தக் கிளையைப் பற்றியது. அமெரிக்காவின் மூன்று நகரங்களில் உள்ள மூன்று சுவர்களை நாங்கள் தெரிந்தெடுத்தோம்.

முதலாவது, சிக்காகோ நகரின் தென்பகுதியில், 43ஆம் வீதியும் லாங்லி அவெனியூவும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் சுவர். கறுப்பின மக்கள் வாழ்ந்த அப்பகுதியில், 1967 ஆம் ஆண்டு கறுப்பின ஓவியர்களும் படப்பிடிப்பாளர்களும் ஒன்றுசேர்ந்து அந்தச் சுவரைத் தமது நாயகர்களின் உருவங்களால் நிறைத்தார்கள். மால்கம் எக்ஸ், முகமது அலி, பாடகி நினா சிமோன் போன்றோர் அங்கே இடம்பெற்றனர். ‘மரியாதைச் சுவர்’ என்பது அதன் பெயர். பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் தமது முகத்தை மரியாதையோடு காணக் கிடைக்காத மக்கள், அதைத் தமது தெருமுனையில் கண்டார்கள். கவிஞர் குவென்டொலின் புரூக்ஸ் அச்சுவரின் முன் நின்று கவிதை வாசித்தார். அயலவர்கள் அதற்குக் காவலாக இருந்தார்கள்.

அந்தச் சுவரிலும் பிணக்கு இல்லாமல் இல்லை. ஒரு பகுதியைத் தீட்டிய ஓவியரின் சம்மதமின்றியே அதன்மேல் வெள்ளையடித்து, வேறொருவரைக் கொண்டு தீட்டுவித்தார்கள். அதனால் குழுவுக்குள் பிளவு உண்டாயிற்று. 1971 இல் கட்டடம் தீப்பிடித்தது. பின்னர் அது இடிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளே நின்ற சுவர் அது. ஆனால் அதைப் பார்த்து டிட்ரோயிட் முதலிய பல நகரங்களிலும் மக்கள் தமது சுவர்களைத் தீட்டத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ நகரில் உள்ள சிக்கானோ பூங்கா. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடந்தான். மெக்சிக்க வம்சாவளி மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த லோகன் குடியிருப்பை 1960களில் ஒரு பெருந்தெரு இரண்டாகப் பிளந்தது. பின்னர் 1969 இல் திறக்கப்பட்ட கொரனாடோ பாலத்தின் பெரிய கொங்கிறீற் தூண்கள் அவர்களுடைய வீடுகள் இருந்த இடத்தில் எழுந்தன. பாலத்தின் கீழ் ஒரு பூங்கா அமைத்துத் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. ஆனால் 1970 ஏப்ரல் 22 ஆந் திகதி அங்கே மண் வெட்டும் இயந்திரங்கள் வந்து நின்றன. விசாரித்தபோது, பூங்காவுக்காக அல்ல, வீதிப் பொலிசாரின் நிலையத்துக்காகவே வேலை தொடங்குகிறது என்று தெரியவந்தது. இதை அறிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஓடிப்போய் மற்றவர்களுக்குச் சொன்னார். பெண்களும் பிள்ளைகளும் மாணவர்களும் முதியவர்களும் வந்து அந்த நிலத்தில் அமர்ந்தார்கள். பன்னிரண்டு நாட்கள் அங்கிருந்து அசையவில்லை. அந்நாட்களில் தாமே நிலத்தைக் கொத்தி, கள்ளியும் பூஞ்செடிகளும் நட்டார்கள். இறுதியில் பூங்கா அவர்களுக்குக் கிடைத்தது.

ஓவியம் அதன் பின்னர்தான் வந்தது. அந்தக் குடியிருப்பில் வளர்ந்த சல்வடோர் டொரெஸ் என்ற ஓவியர், சாம்பல் நிறத் தூண்களை ஓவியங்களால் மூட வேண்டும் என்று கனவு கண்டவர். 1973 இல் வேலை தொடங்கியது. தமது வீடுகளை விழுங்கிய தூண்களின் மேலேயே மக்கள் தமது வரலாற்றை எழுதினார்கள். இன்று அங்கே எண்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. ஊர் மக்களின் குழுவொன்றே அப்பூங்காவைக் கவனித்து வருகிறது. வெளிறிய ஓவியங்களை மீண்டும் தீட்டுகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் விழா எடுக்கிறார்கள். 2016 இல் அது அந்நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அந்த மக்கள் முதலில் கேட்டது படமல்ல. பிள்ளைகள் விளையாட ஓர் இடம். இடம் கிடைத்த பிறகே தூண்களைத் தீட்டினார்கள். அதனாலேயே ஐம்பது ஆண்டுகளாகியும் அந்த ஓவியங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

மூன்றாவது, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ‘பெருஞ்சுவர்’. வெள்ளநீர் ஓடும் ஒரு கொங்கிறீற் வாய்க்காலின் பக்கச் சுவரில், ஏறக்குறைய 840 மீற்றர் நீளத்துக்கு அது நீள்கிறது. அதை முன்னின்று நடத்தியவர் ஜூடி பாக்கா என்ற பெண் ஓவியர். 1976 இல் தொடங்கி, வாய்க்காலில் நீர் வற்றியிருக்கும் கோடைகாலங்களில் வேலை நடந்தது. தீட்டியவர்கள் நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும். பல இனத்தவர்கள், ஒருவரோடொருவர் பழகாத குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள், சிலர் சட்டத்தோடு முரண்பட்டவர்கள். சுவரைத் தொடுவதற்கு முன் அவர்கள் வரலாற்றறிஞர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுப் படித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டது போன்ற, பாடநூல்கள் மெல்லக் கடந்துசென்ற பக்கங்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன.

எங்கள் நாட்டிலும் 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின்னர் இளைஞர்கள் நகரங்கள் தோறும் வீதியோரச் சுவர்களைச் சுத்தம் செய்து படம் கீறியது உங்களுக்கு நினைவிருக்கும். சுவரொட்டிகளால் அசிங்கப்பட்டுக் கிடந்த சுவர்கள் புதுநிறம் பெற்றன. பண்டைய அரசர்கள், படைவீரர்கள், கிராமக் காட்சிகள், விலங்குகள் என்று பலவும் அவற்றில் இடம்பெற்றன. இவற்றில் யாருடைய வரலாறு இருக்கிறது, யாருடையது இல்லை என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. ஒரு பொதுச் சுவரில் எல்லோரும் தம்மைத் தேடுவார்கள். காணாதவர்கள் பேசாமல் கடந்து போவார்கள்.

இனி எமது மதிலுக்கு வருகிறோம். பின்புற மதிலின் வெளிப்பக்கத்தில் இப்போது இரண்டு வாசகங்கள் உள்ளன. ஒன்று, ‘விளம்பரம் ஒட்டாதீர்’. மற்றது, ‘இங்கே குப்பை கொட்டாதீர்’. நூறு ஆண்டுகளில் அந்த ஒழுங்கை மக்களோடு எமது மதில் பேசியது இவ்வளவுதான். இரண்டாவது வாசகத்தின் கீழேதான் குப்பை அதிகம் கிடக்கிறது.

ஆசிரியையின் அனுமதியோடு சனிக்கிழமைகளில் அந்த ஒழுங்கைக்குப் போய், “எங்கள் மதிலில் என்ன படம் கீறலாம்?” என்று வீடு வீடாகக் கேட்டோம். அவர்கள் தந்த பதில்களை மாற்றாமல் சொல்கிறோம்.

ஓர் அம்மா சொன்னார்: “படம் நல்லதுதான் பிள்ளையள். முதல்ல ஒரு லைற் போடச் சொல்லுங்கோ. ரியூசன் முடிஞ்சு வாற பெட்டையள் இருட்டுக்குள்ளதான் நடக்கினம்.” ஓட்டோ வைத்திருக்கும் அண்ணா ஒருவர் சொன்னார்: “மழை பெஞ்சா உங்கட பள்ளிக்கூடத்துத் தண்ணி முழுக்க எங்கட வாசலுக்குத்தான் வருது. அதுக்கு ஒரு வழி பாருங்கோ.” வயதான ஐயா ஒருவர், “இந்த மதில் கட்டேக்க கல்லுச் சுமந்தனான்” என்றார். மதில் வருவதற்கு முன் கல்லூரிக் கிணற்றில்தான் ஒழுங்கை முழுவதும் குடிதண்ணீர் அள்ளியது என்றும், கோடையில் வாளிகளோடு வரிசையாக நிற்பார்கள் என்றும் அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். “கீறுறதெண்டா அந்தக் கிணத்தைக் கீறுங்கோ” என்றார்.

அக்காமாரே, அந்தக் கிணறு இன்றும் எமது வளவுக்குள் இருக்கிறது. அதைத் தினமும் கடந்து போகும் எங்களுக்கு அந்தக் கதை தெரியாது. எமது கல்லூரி வரலாற்றில் அதிபர்களின் பெயர்களும் கொடையாளிகளின் பெயர்களும் உள்ளன. கல்லுச் சுமந்தவர்களுக்கும், வகுப்பறை கூட்டியவர்களுக்கும், வாயிலில் கடலை விற்றவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்குமானால், அது இந்த மதிலாகத்தான் இருக்க முடியும்.

ஆகவே விழாக்குழுவிடம் நான்கு வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, வர்ணம் வாங்குவதற்கு முன் ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வெள்ளவாய்க்கால் திருத்தத்துக்குத் தாருங்கள். வீதி விளக்குக்காகச் சங்கத்தின் பெயரில் உரிய சபைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். வாய்க்காலைத் திருத்துவது ஓவியத்துக்கும் நல்லது. அடியில் நீர் தேங்கும் மதிலில் ஈரம் மேலே ஏறி, எவ்வளவு விலையுயர்ந்த வர்ணத்தையும் உரித்துவிடும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, மாரி முடிந்து மதில் நன்றாகக் காய்ந்த பின்னரே அடிப்பூச்சுப் பூச வேண்டும். எனவே அவசரப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, என்ன படம் என்று தீர்மானிக்கும் குழுவில் ஒழுங்கையைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சின்னமும் நிறுவுநரின் உருவமும் முன்வாயில் மதிலுக்கு மிகப் பொருத்தமானவை. அங்கே அவற்றைப் பக்தியோடு தீட்டித் தருவோம். பின்மதிலைத் தினமும் பார்த்து வாழப்போகிறவர்கள் அவர்கள்.

மூன்றாவது, ஏணியில் ஏற முடியாத பெரிய அக்காமாரும், வெளிநாட்டிலிருந்து சில நாட்களுக்கு மட்டும் வருவோரும் இதில் கைவைக்க ஒரு வழியுண்டு. சுவரோவியங்களுக்குப் பெயர்போன பிலடெல்பியா நகரில், மெல்லிய பரசூட் துணியில் பகுதி பகுதியாகத் தீட்டி, பின்னர் அத்துணியைச் சுவரில் நிரந்தரமாக ஒட்டுகிறார்கள். மேசையில் இருந்தபடியே தீட்டலாம். அதை ஒரு சிறு பகுதியில் முயன்று பார்க்க அனுமதி தாருங்கள்.

நான்காவது, ஆண்டுதோறும் ஒரு வகுப்பு இந்த மதிலைப் பொறுப்பேற்று, வெளிறியதைத் திருத்த வேண்டும். அதற்கென ஒரு சிறு தொகையை இப்போதே ஒதுக்கிவைத்தால், எங்களுக்குப் பின் வரும் தங்கைமாருக்குச் சிரமம் இராது.

நாங்கள் ஒழுங்கையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் எல்லோரும், “எப்ப தொடங்கப் போறியள்?” என்றும் கேட்டார்கள். வரும் சனிக்கிழமை அவர்களிடம் போகும்போது உங்கள் பதிலைக் கொண்டுபோக விரும்புகிறோம்.