கழிவெண்ணெயும் கிணற்று நீரும்



குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறாத தீவகத்தார் அரியர். அப்படகுகளின் இயந்திரத்திற்கும் நம் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும் ஒயில் மாற்றியபின் எஞ்சும் கரிய கழிவை எங்கே ஊற்றுகிறோம்? வேலியோரத்தில், அன்றேல் கடலில்.

நம் தீவுகளில் ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடி உவர்நீரின்மேல் பாலாடைபோல் மிதக்கிறது. அதையே கிணற்றில் அள்ளுகிறோம். மழை இறங்கும் வழியே ஒயிலும் இறங்கும். குடாநாட்டில், சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை யாவரும் அறிந்ததே. அவ்வழக்கில், மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை இறைத்துக் குடிக்க இயலுமா?

பழைய ஒயிலில் இயந்திரம் தேய்ந்த உலோகத் துகளும் கலந்திருக்கும். இயந்திரம் இளஞ்சூடாய் இருக்கையில் அகன்ற தட்டில் வடித்து, மூடியுள்ள கானில் சேருங்கள். தண்ணீரோ பெற்றோலோ கலவாதீர்கள்; கலந்ததை மறுபடி பயன்படுத்தல் அரிது. வடிகட்டியையும் கவிழ்த்து வடியவிடுங்கள். கறையான் அணுகாதென்று மரத்தூணுக்குப் பூசுவோரும் உளர்; அத்தூணும் மழையில் நனைவதுதானே! கான் நிறைந்ததும், யாழ்ப்பாணம் போகும் நாளில், கழிவெண்ணெய் ஏற்கும் கராஜில் ஒப்படையுங்கள். நயினாதீவு அன்பர்கள் அதைப் படகில் ஏற்றுமுன் மூடியை இன்னொருமுறை இறுக்கிக்கொள்வது நன்று.