விளையாட்டுத் திடலில் நம் பெண்கள்



ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய சாலையில் கோப்பெங், கம்பார் ஆகிய ஊர்களைத் தாண்டினால் தாப்பா வரும். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் அங்கே திரும்பி மலையேறுவார்கள். தாப்பாவைப் பற்றி நம்மில் பலர் அறிந்தது அவ்வளவுதான். ஆனால் 1943-ஆம் ஆண்டில் அந்த ஊரில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண், தமது இருபத்து மூன்றாம் வயதில் ஆசியாவிலேயே 400 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். அவர்தான் எம். ராஜமணி. அவருடைய ஓட்டத்தைப் பற்றியும், அந்த ஓட்டத்திற்கு வழி எப்படித் திறந்தது என்பதைப் பற்றியும், நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அந்த வழி இன்று எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்பதைப் பற்றியும் இன்று நாம் சிந்திப்போம்.

முதலில் 400 மீட்டர் ஓட்டம் என்றால் என்னவென்று பார்ப்போம். திடலை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வருவதுதான் அது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஓடுகிறவர்களைக் கேட்டால், இதைவிடக் கடினமான ஓட்டம் இல்லை என்பார்கள். 100 மீட்டர் ஓட்டத்தில் இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடலாம். நெடுந்தூர ஓட்டத்தில் நிதானமாக ஓடலாம். 400 மீட்டரிலோ வேகமும் வேண்டும். அந்த வேகம் கடைசிவரை தாங்கவும் வேண்டும். முக்கால் சுற்று முடிந்ததும் தசைகளுக்கு வேண்டிய உயிர்வாயு போதாமல் கால்கள் கனத்துப் போகும். கடைசி 100 மீட்டரை மனவுறுதியால்தான் ஓடி முடிக்க வேண்டும்.

இத்தகைய ஓட்டம் பெண்களுக்கு ஆகாது என்றுதான் நெடுங்காலம் உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியபோதே ஆண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் இருந்தது. அந்த ஆண்டில் பெண்களுக்கு எந்தப் போட்டியுமே கிடையாது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியில் இருபத்திரண்டு பெண்கள் கலந்துகொண்டனர். அப்போதும் ஓட்டப் போட்டிகளில் பெண்களுக்கு இடமில்லை. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில்தான் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக் ஓடுபாதையில் இறங்கினார்கள்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே முதலாவதாக வந்தார். ஓடி முடித்த களைப்பில் சிலர் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படித்தான் சாய்வார்கள். அது யாரும் வியக்கிற செய்தியல்ல. ஆனால் மறுநாள் பத்திரிகைகள், பெண்கள் பாதி வழியில் விழுந்து துடித்ததாக எழுதின. உண்மையில் ஒன்பது பேரும் எல்லைக் கோட்டைத் தொட்டவர்கள். இருந்தும் என்ன? அந்தச் செய்திகளைக் காரணமாகக் காட்டி, பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960-ஆம் ஆண்டில்தான். ஒரு பொய்ச் செய்தியால் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாழாயின.

அதே 1920-களின் பிற்பகுதியில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் அப்போது கூலி விகிதம் நிர்ணயித்தது. முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நிரையில் நூற்றுக்கணக்கான பால் மரங்களை வெட்டி, பிறகு பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்த நம் பாட்டிமார்களைப் பார்த்து, 'நீ பலம் குறைந்தவள், உனக்குப் பத்துக் காசு குறைவு' என்றார்கள். பலமில்லாதவள் என்று சொல்லிக் கூலியைக் குறைத்ததும், பலமில்லாதவள் என்று சொல்லி ஓட்டத்தை நீக்கியதும் ஒரே எண்ணத்தின் இரண்டு கிளைகள்.

இனி ராஜமணியிடம் வருவோம். 1964-ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஓடத் தொடங்கி அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கதவு திறந்தது. மலேசியா என்ற பெயரில் நம் நாடு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். கதவு திறந்த அந்த முதல் ஓட்டத்திலேயே நம் நாட்டுக்காக ஓடியவர் தாப்பாவில் பிறந்த ராஜமணி. அன்று தங்கம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பெர்ட். ராஜமணிக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரிகளோடு ஒரே திடலில் நின்று திரும்பினார்.

மறு ஆண்டு, 1965-இல், கோலாலம்பூரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தது. 200 மீட்டர், 400 மீட்டர், 800 மீட்டர், பெண்கள் அஞ்சல் ஓட்டம் என்று நான்கு தங்கப் பதக்கங்களை அவர் வென்றார். 1966-ஆம் ஆண்டு பேங்காக் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் தங்கம் வென்றவரும் ராஜமணியே. அதே ஆண்டில் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருது அவருக்கு வழங்கப்பட்டது. சிறந்த வீரர் விருதைப் பெற்றவர், பேங்காக்கில் அதிவேகமாக ஓடிப் புகழ்பெற்ற டாக்டர் மணி ஜெகதீசன். நாட்டின் தலைசிறந்த விளையாட்டாளர்கள் என்று ஒரே ஆண்டில் மேடையேறிய இருவருமே தமிழர்கள். அடுத்த 1967-ஆம் ஆண்டிலும் அந்த விருது ராஜமணிக்கே கிடைத்தது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ராஜமணி பத்து ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய கால்கள் அதே கால்களாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஓடுவதற்கு அந்த ஓட்டமே இருந்திருக்காது. ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசியப் போட்டியிலும் இல்லை. திறமை பிள்ளையிடம் இருந்தால் மட்டும் போதாது. அதைக் காட்டுவதற்கு இடம் தரவேண்டியவர்கள் பெரியவர்கள்.

ஓடுபாதையில் மட்டுமல்ல, நீரிலும் இதே கதைதான். படகுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வகை உண்டு. உட்கார்ந்துகொண்டு, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் செலுத்துவது கயாக். ஒரு முழங்காலை ஊன்றி, ஒற்றைத் துடுப்பால் ஒருபுறமாகவே செலுத்துவது கனூ. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு இரண்டும் இருந்தன. பெண்களுக்குக் கயாக் 1948-இல் லண்டனில் வந்தது. கனூ மட்டும் வரவில்லை. ஒருபுறமாகத் துடுப்புப் போடுவது பெண்ணின் உடலுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினார்கள். ஆற்றங்கரையில் படகு செலுத்திப் பிழைக்கும் பெண்கள் இல்லாத நாடு எது? அவர்களைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். கடைசியில், 2021-ஆம் ஆண்டில் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கனூ சேர்க்கப்பட்டது. 200 மீட்டர் கனூவில் முதல் தங்கத்தை வென்றவர் அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் என்ற பத்தொன்பது வயதுப் பெண். அந்தப் படகு நீரில் இறங்க எண்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆக, உலக அரங்கின் கதவுகள் பெரும்பாலும் திறந்துவிட்டன என்று சொல்லலாம். அப்படியானால் நம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா?

பேராக் மாநிலத்தில் நம் வாழ்க்கை பெரிதும் மாறிவிட்டது. பால் மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளை விட்டுப் புந்தோங் போன்ற ஈப்போ நகரப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். தோட்டத்தை விட்டு வந்தோம். ஆனால் சில வழக்கங்களை மூட்டை கட்டிக்கொண்டே வந்துவிட்டோம்.

தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுத் தினத்தைப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சற்றும் குறையாமல் பெண் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள், கோப்பையோடு வீட்டுக்கு வருகிறார்கள். அதே பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போய், பெரியவளாகி, சடங்கும் முடிந்தபிறகு திடலில் பார்க்க முடிவதில்லை. ஏன்? பெற்றோரைக் கேட்டால் பெரும்பாலும் நான்கு காரணங்கள் சொல்வார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், வீட்டு வேலை. அம்மா வேலையிலிருந்து திரும்புமுன் சோறு வடித்து, பாத்திரம் கழுவி, தம்பி தங்கைகளைக் கவனிக்க வேண்டும். மாலைப் பயிற்சிக்கு நேரம் ஏது? நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில் அண்ணன் பந்து விளையாடப் போயிருக்கிறானே, அவனுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? வாரத்தில் மூன்று மாலைகள், மாலைக்கு இரண்டு மணி நேரம்; தொடக்கத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவே. அந்த மூன்று மாலைகளில் அண்ணனும் அப்பாவும் பாத்திரம் கழுவினால் குடும்ப மானம் ஒன்றும் போய்விடாது.

இரண்டாவது, உடையும் உடம்பும். வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று தயங்குகிறார்கள். பயிற்சிக்கு நீண்ட காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போதும். மாதவிலக்குக் காலத்தில் ஓடினால் கெடுதல் வரும் என்பது ஆதாரமற்ற அச்சம். உடல் இடம் கொடுத்தால் ஓடலாம். வலி அதிகமிருந்தால் ஓய்வெடுக்கலாம். ஆனால் சாப்பாட்டில் கவனம் வேண்டும். இரத்தப்போக்கால் உடலில் இரும்புச் சத்துக் குறையும். முட்டை, நெத்திலி, மீன், பயறு, முருங்கைக்கீரை ஆகியவை எளிதில் கிடைப்பவைதானே? கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நல்ல மீனும் முட்டையும் முதலில் ஆண் பிள்ளையின் தட்டுக்குப் போகும் வழக்கம் இருக்கும் வீடுகளில், அதையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இது அலட்சியம் செய்யக்கூடிய காரணமல்ல. பயிற்சி கொடுப்பவர் யார், எங்கே, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டறிவது பெற்றோரின் உரிமை. பயிற்சியாளரோடு பிள்ளை தனியாக இருக்கும்படி விடக்கூடாது. அக்கம்பக்கத்தில் நான்கு தாய்மார்கள் சேர்ந்து, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துத் திடலுக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். பயந்து பெண்ணை வீட்டில் நிறுத்துவதைவிட, துணைக்குப் போவது நல்லது.

நான்காவது, படிப்பு. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது புறப்பாட நடவடிக்கைகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பள்ளியிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி என்று படிகள் இருக்கின்றன. மிகுந்த திறமையுள்ளவர்களுக்குப் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்றவை உண்டு. அங்கே படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கின்றன.

பெற்றோர் துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஈப்போவே சான்று. ஈப்போவைச் சேர்ந்த ஷெரீன் சாம்சன் வல்லபோய், 2023-ஆம் ஆண்டில் கம்போடியாவில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ராஜமணி ஓடிய அதே தூரம். ஷெரீனின் தந்தையும் ஒரு காலத்தில் நாட்டைப் பிரதிநிதித்து ஓடியவர். திடல் என்பது என்னவென்று தெரிந்த வீட்டில் அவர் வளர்ந்தார். நம்மில் எல்லாருடைய வீட்டிலும் அத்தகைய தந்தை இருக்க முடியாது. ஆனால் ஓட்டம் தெரியாத தந்தையும், மகளுக்காகத் திடலோரம் நிற்க முடியுமல்லவா?

ஓடுகிற எல்லாப் பெண்களும் தங்கம் வெல்லப் போவதில்லை. ஆயிரத்தில் ஒருத்திக்கு அது கிடைத்தால் பெரிது. மற்றவர்களுக்கும் உறுதியான உடலும், தோற்றாலும் மறுநாள் எழுந்து திடலுக்கு வரும் மனமும் கிடைக்கும். பள்ளியை விட்டு வேலைக்குப் போகும்போதும், குடும்பத்தை நடத்தும்போதும் அவை பயன்படும்.

ஆகவே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை பள்ளியிலிருந்து பயிற்சிக்கான அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், 'உனக்கு எதற்கு இதெல்லாம்' என்று மடித்து வைத்துவிடாதீர்கள். யார் பயிற்சி தருகிறார், எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மாலையில் அடுப்படி வேலையை யார் பார்ப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.